மூன்றாவது தழும்பு

பிள்ளை கையை உடைத்துக்கொண்டதால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் இந்தத் தீவு அம்மாக்களுக்காக. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் கயல் நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், எழுதுகிறாள், காலையில் தலை பின்னும்போது என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். அதனால் பயப்படாமல் படிக்கலாம். நடுவில் நான் பட்ட பயத்தையும் செய்த ஒரு தப்பையும் ஒளிக்காமல் எழுதப் போகிறேன். அதே தப்பை நீங்களும் செய்யக்கூடும் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

எங்கள் வீடு பாம்பூஃப்ளாட்டில். எதிர்க்கரையில், போர்ட் பிளேரில், கப்பல் டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. தினமும் காலையில் ஃபெர்ரி ஏறி சாத்தாம் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பேன். என் வீட்டுக்காரர் பாண்டியன் அதே கரையில், டாலிகஞ்சில் சின்னதாக எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். அப்பா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, ஆனால் நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மெயின்லேண்டில் கல்யாணத்துக்குப் போனால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், "உங்க பக்கம் கரண்டெல்லாம் இருக்கா?" என்று. எனக்குச் சுள்ளென்று ஏறும். அரை மணி நேரம் தீவின் பெருமையைப் பேசாமல் விடமாட்டேன். அப்படிப்பட்ட நானே பின்னால் எப்படி நடந்துகொண்டேன் என்று பாருங்கள்.

நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலையெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் பாக்கு மட்டையில் வண்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டையில் உட்கார, மற்றவர்கள் ஓலையைப் பிடித்துச் சரிவில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். நானும் சின்ன வயதில் ஆடியதுதான். கயல் உட்கார்ந்திருந்தபோது மட்டை பாசியில் வழுக்கி, அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து நின்றவள் அழவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மடங்கவே கூடாத இடத்தில், கை மடங்கியிருந்தது.

"அம்மா, திட்டாத. பழைய கவுன்தான் போட்டிருக்கேன்" என்றாள்.

பத்து வயதுப் பிள்ளை, கை உடைந்த நேரத்தில், வலியைவிட என் வாயைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் வாய் அப்படி.

பக்கத்து வீட்டு ஜரீனா அக்காதான் ஓடி வந்தது. அவர்கள் ஃபெர்ரி நிற்கும் ஜெட்டிக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர்கள். கையில் ஒரு சோப்பு அட்டைப்பெட்டியோடு வந்து அதைக் கிழித்து, கைக்கு அடியில் கொடுத்து, தன் துப்பட்டாவால் கட்டியது. "நேராக்கப் பாக்காத சுமதி. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். நீ மொதல்ல ஃபெர்ரியப் பிடி." எங்களைப் பார்த்ததும் ஃபெர்ரிக்காரர்கள் தூக்கிய பலகையை மறுபடி இறக்கினார்கள். அந்த ஊழியர்களோடு சில்லறைக்காக நான் போட்ட சண்டைகளையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன். பாண்டியன் கடையைப் பூட்டிவிட்டுச் சாத்தாமில் ஆட்டோவோடு நின்றிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் ஹால்தார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவர் இதே தீவுகளில், மாயாபந்தரில் பிறந்த பெங்காலிக்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்ற தமிழில், பாதிக்குப் பாதி இந்தி கலந்திருக்கும். "தேக்கோ, ரெண்டு எலும்பும் போச்சு" என்றார்.

முன்கையில் இரண்டு எலும்புகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. அவர் கயலின் நல்ல கையை எடுத்து, "உள்ளங்கைய மேல காட்டு. இப்ப கீழ" என்றார். அவள் திருப்பிக் காட்டினாள். "சுண்டுவிரல் பக்கத்து எலும்பு சும்மா நிக்குது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு அதைச் சுத்தி உருளுது. அதனாலதான் கை திரும்புது. ரெண்டும் கோணலா ஒட்டிக்கிட்டா உருளாது. விரல் வேலை செய்யும், எழுதலாம், சாப்பிடலாம். ஆனா உள்ளங்கை மேல பாக்காது."

எனக்கு உடனே தோன்றியவை: கோயிலில் தீர்த்தம் வாங்குவது, கையில் தண்ணீர் அள்ளி முகம் கழுவுவது. கயலுக்குத் தோன்றியது வேறு. "அப்போ மருதாணி?" என்றாள். வருஷா வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஜரீனா அக்கா தெருவிலிருக்கும் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் மருதாணி போட்டுவிடும். கயல்தான் வரிசையில் முதல் ஆள்.

"மெஹந்தியா? அதுக்குக் கண்டிப்பா மேல பாக்கணும்" என்று டாக்டர் சிரித்தார். "பாக்கும். டரோ மத், பயப்படாத."

அன்றைக்கு ஆபரேஷன் இல்லை. சின்ன மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து நேராக்கி, அக்குள் வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். பிள்ளைகளுக்கு முதலில் இதுதானாம். பல பேருக்கு இதிலேயே எலும்பு சேர்ந்துவிடும். ஒரு ராத்திரி வார்டில் வைத்திருந்தார்கள். ஒரு நிக்கோபாரி சிஸ்டர் வந்து வந்து கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை அழுத்திப் பார்த்தார். நகம் வெளுத்து உடனே சிவக்க வேண்டும், விரலை நீட்டினால் உயிர் போகிற வலி இருக்கக் கூடாது. உள்ளே வீங்கி இறுக்கினால் அதுதான் அடையாளம் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். விடியும் வரை நானும் அழுத்தி அழுத்திப் பார்த்ததில் கயலுக்குத் தூக்கமே போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சீட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, வாயாலும் சொன்னார். "வீக்கம் வத்தும்போது கட்டு லூஸ் ஆகும். உள்ள எலும்பு நகரலாம். அடுத்த திங்கக்கிழமை எக்ஸ்ரே. பூல்னா மத்." மறந்துவிடாதீர்கள் என்று அர்த்தம். நான் எதையும் மறப்பவள் இல்லை. அதுதான் விஷயமே. நான் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே மதுரையிலிருந்து என் அண்ணன் போன் பண்ணினான். அங்கே ஒரு பெரிய எலும்பு டாக்டரிடம் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிவிட்டதாகச் சொன்னான். தீவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நமக்குப் பல்வலியா, மெயின்லேண்ட். கல்யாணப் புடவையா, மெயின்லேண்ட். கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு டிக்கெட் கொடுத்திருக்கிறேன். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இங்கே பார்க்க முடியாதா என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. என் பிள்ளைக்கு என்று வந்தபோது மட்டும் எப்படித் தோன்றும்? கப்பல் என்றால் மூன்று நாளுக்கு மேல் ஆகும் என்று, அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு மூன்று சீட் போட்டேன். புதன்கிழமை மதுரையில் டாக்டர். கணக்கு கச்சிதமாக இருந்தது.

இடையில் அந்தத் திங்கட்கிழமை இருந்தது.

"எக்ஸ்ரேதானே, எடுத்துட்டே போயிடுவோமே" என்றார் பாண்டியன்.

"புதன்கிழமை அங்க எடுக்கத்தானே போறாங்க. ரெண்டு நாள் வித்தியாசத்துக்கு இங்க ஓ.பி. வரிசையில அவளை நிக்க வைக்கணுமா?" என்றேன். வாதாடுவது அவர் வழக்கமில்லை. திங்கட்கிழமை நான் பெட்டி கட்டினேன். அண்ணிக்குக் கிராம்பும் பட்டையும், மீனாட்சி கோயிலுக்குப் போக ஒரு பட்டுப்புடவை. ஜரீனா அக்கா கயலின் நாலு கவுன்களைப் பக்கவாட்டில் பிரித்து, அழுத்துப் பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தது, கட்டுப் போட்ட கை நுழைவதற்காக. அதையும் மடித்து வைத்தேன். பெரிய நிர்வாகி மாதிரி எல்லாம் தயார்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து வந்த விமானம் மழையில் இறங்க முடியாமல் மேலேயே சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. நாளைக்குப் போகலாம் என்றார்கள். புதன்கிழமை காற்றழுத்தத் தாழ்வு என்று அதுவும் ரத்து. அன்று மத்தியானமே துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறி, ஃபெர்ரியும் நின்றது. கப்பலும் கிளம்பவில்லை. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை. அடுத்த சீட் எப்போது என்று விமானக் கம்பெனிக்கு போன் மேல் போன் போட்டேன். அடுத்த புதன்கிழமை என்றார்கள். ஊருக்கே டிக்கெட் கொடுப்பவளுக்கு ஒரு டிக்கெட் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை கயல் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, கட்டுக்குள்ள கை ஆடுது" என்றாள். மாவுக்கட்டுக்கும் தோலுக்கும் நடுவில் என் விரல் முழுசாகப் போனது. டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. வெளியே காற்று தென்னை மரங்களைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. நான் அடுப்படிக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நாள் வேறு இல்லை.

வெள்ளிக்கிழமை காற்று தணிந்ததும் ஓடிய முதல் ஃபெர்ரியில் போனோம். ஏதாவது சீட் காலியானால் அப்படியே விமான நிலையம் போய்விடலாம் என்று பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். அந்த நிலையிலும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு டாக்டர் ஹால்தாரின் அறைக்குள் போனபோது, அவர் முதலில் பெட்டியைப் பார்த்தார், பிறகு படத்தை, பிறகு என்னை.

"திங்கக்கிழமை ஏன் வரல?"

"மெயின்லேண்ட் டிக்கெட் இருந்துச்சு சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "இங்க எல்லாரும் பெட்டி கட்டி வச்சிட்டுத்தான் என்கிட்ட வராங்க" என்று மட்டும் சொன்னார். "அச்சா, அதை அந்த ஓரமா வைங்க. படத்தைப் பாருங்க."

பார்க்க எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. இரண்டு எலும்பும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் ஒட்டும், அது வரம், ஆனால் கோணலாக நின்றால் கோணலாகவே சீக்கிரம் ஒட்டும் என்று விளக்கினார். விழுந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. முறிவைச் சுற்றிப் புது எலும்பு, கலந்து கொட்டிய சிமெண்ட் மாதிரி இறுக ஆரம்பித்திருக்கும். இன்னும் கெட்டியாகவில்லை, ஆனால் நாளுக்கு நாள் கெட்டியாகும்.

"நாளைக்குப் பண்ணலாம். எலும்புக்குள்ள ஓட்டை இருக்கும்ல, அதுக்குள்ள மெல்லிசா, வளையிற மாதிரி ரெண்டு ஆணி. ஒண்ணு மணிக்கட்டு பக்கத்துலேர்ந்து, ஒண்ணு முழங்கை பக்கத்துலேர்ந்து. பிளேட் வேணாம், ஸ்க்ரூ வேணாம். எலும்பு சேர்ந்தப்புறம் சில மாசத்துல எடுத்துடலாம். திங்கக்கிழமை வந்திருந்தா, தோலைத் தொறக்காம வெளியவே நேராக்கி ஆணிய விட்டிருப்பேன். இப்ப நடுவுல ஒரு இடத்துல தொறக்க வேண்டி வரலாம்."

"மெயின்லேண்ட்ல?" என் வாய் தானாகக் கேட்டது.

"அங்கயும் இதே ஆணிதான். ஆனா அடுத்த வாரம். போறீங்கன்னா லெட்டர் தரேன், தடுக்க மாட்டேன். லேட் பண்ணாதீங்கன்னு மட்டும் சொல்றேன்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், டாக்டர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஆபரேஷன் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? மயக்க மருந்து கொடுப்பது யார்? ஆணி போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மழைக்காலத்தில் வாரம் தவறாமல் ஒரு பிள்ளை விழுகிறதாம். ஒரு காகிதத்தில் இரண்டு எலும்பையும் வரைந்து ஆணி போகும் வழியைக் காட்டினார். கயல் அதை எட்டிப் பார்த்து, "இது என் கையா? நல்லாவே வரையல" என்றாள்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குச் சொன்னேன். அவன் பதறிப்போனான். "தீவுல போய் ஆபரேஷனா? அங்க என்ன வசதி இருக்குன்னு பச்சப்புள்ளைய குடுக்கப் போற?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அண்ணே, இங்க கரண்டு இருக்கு" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு நாளாக அவன் கேட்ட கேள்வியைத்தான் நானும் வாய்விட்டுச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டுப் பாண்டியனைப் பார்த்தேன். "நாளைக்கே பண்ணிடுவோம்மா" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்ற வார்த்தைக்காக அன்று முழுவதும் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு என் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியிருப்பேன். அந்த வசதியை மனுஷன் எனக்குக் கொடுக்கவே இல்லை. பதிலாக, வார்டுக்கு வெளியே போய் எனக்கு டீயும் பன்னும் வாங்கி வந்தார்.

அன்று ரத்தம் எடுத்தார்கள். மயக்க டாக்டர் அம்மா வந்து இருமல் இருக்கிறதா, எந்தப் பல்லாவது ஆடுகிறதா என்று கேட்டார். தொண்டைக்குள் குழாய் விடும்போது ஆடும் பல் விழுந்துவிடக் கூடாதாம். கயலுக்குக் கடைவாய்ப் பக்கம் ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. "இதையும் சேர்த்து எடுத்துடுவீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காலையில் எதுவும் கூடாது, வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து மூச்சுக்குழாயில் போய்விடும் என்றார்கள். அதனால் பக்கத்துக் கட்டில்காரர்கள் அன்பாக நீட்டிய பிஸ்கட்டுகளுக்கெல்லாம் நான் காவல்காரியாக நின்றேன்.

மெயின்லேண்டுக்குக் கட்டிய பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மழைக்குளிரில் ஆஸ்பத்திரிப் போர்வை பத்தவில்லை. பெட்டியைத் திறந்து, மீனாட்சியம்மனுக்காக வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்து அவளுக்குப் போர்த்தினேன். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டாள். கிராம்பைச் சிஸ்டருக்குக் கொடுத்தேன்.

காலையில் அழைத்துப் போனார்கள். கதவு வரைக்கும் நான் போகலாம் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே ஒரு வளைந்த எக்ஸ்ரே மிஷின் இருக்கும், ஆணி எலும்புக்குள் போவதைத் திரையில் பார்த்துப் பார்த்துச் செலுத்துவார்கள் என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, திறக்கிறார்கள் என்று. ஜரீனா அக்கா கடையை அடைத்துவிட்டு ஃபெர்ரி பிடித்து வந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தது. நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாண்டியன் சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. சுண்டுவிரல் பக்கம் ஆணி ஒரே தடவையில போயிடுச்சு. கட்டைவிரல் பக்கம் வழி விடல, சின்னதாத் தொறந்தேன். ரெண்டும் நேரா நிக்குது. மயக்கத்துலயே கையைத் திருப்பிப் பாத்தேன், முழுசாத் திரும்புது." அப்புறம் தன் முன்கையிலேயே விரலால் காட்டினார். "மூணு தழும்பு இருக்கும். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அது ரெண்டும் என்னோடது. நடுவுல இருக்கிறது..."

"என்னோடது சார்" என்றேன்.

அவர் "மழையோடதுன்னு வச்சுப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் நான் அழுதேன். ஜரீனா அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மேடு ஏறுகிற வேலைதான், ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே போனோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சொன்ன தேதிக்கெல்லாம் போனேன். எட்டு மணிக்குத் திறக்கும் ஓ.பி.க்கு ஏழு மணிக்கே போய் நின்றதால், செக்யூரிட்டிக்காரர் எனக்கு ஸ்டூல் போட ஆரம்பித்தார். சில வாரங்களில் கட்டைக் கழற்றினார்கள். கை குச்சியாக, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. "உள்ளங்கைய மேல காட்டு" என்றார் டாக்டர். பாதி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கவலைப்படவில்லை. "எலும்பு நேரா இருக்கு. இது சும்மா இறுக்கம். வேலை குடுங்க, வரும்."

வேலை கொடுத்தவர் பாண்டியன். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் ஒரு துண்டை வைத்து, கரண்டியைப் பிடித்துத் திருப்பச் சொல்லியிருந்தார்கள். நாலு நாளில் கயலுக்கு அலுத்துவிட்டது. எலும்பு உறுதியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, பாண்டியன் கடையிலிருந்து ஒரு மரப்பலகையும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவந்தார். வலது கையால் ஸ்க்ரூவை முடுக்கும்போது கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று செய்து பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும் பக்கம்தான். தினம் பத்து ஸ்க்ரூ, பிறகு இருபது. தை மாதத்தில் அவளே ஒரு ஸ்விட்ச் போர்டை முழுசாகப் பொருத்தி எங்கள் அடுப்படியில் மாட்டினாள். கொஞ்சம் சாய்வாக இருக்கிறது. நாங்கள் அதை நேராக்கவில்லை.

ஆணிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. கோடை விடுமுறையில் எடுக்கிறார்கள். அண்ணன் போன் பண்ணி, அதையாவது மதுரையில் வைத்துக்கொள்ளலாமே என்றான். தேதி கொடுத்துவிட்டார்கள் என்றேன். பெட்டியைப் பரண் மேல் போட்டாயிற்று.

ஆனால் எனக்குள் ஒன்று பாக்கி இருந்தது. நடுத் தழும்பு ஏன் அவ்வளவு நீளம் என்று கயல் இரண்டு மூன்று முறை கேட்டிருந்தாள். நான் "அப்புறம் சொல்றேன்" என்று பேச்சை மாற்றிவிடுவேன். ஆபரேஷனுக்குத் துணிந்து கையெழுத்துப் போட்டவளுக்கு இதற்குத் துணிச்சல் வரவில்லை.

போன வாரம் நோன்புப் பெருநாள். முந்தின சாயங்காலம் தெருப் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஜரீனா அக்கா வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கயல்தான் முதல் ஆள். அவள் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, தலையணை மேல் வலது கையை நீட்டினாள். யாரும் பிடித்துத் திருப்பவில்லை. உள்ளங்கை தானாகத் திரும்பி, கூரையைப் பார்த்து, தட்டையாக நின்றது.

அக்கா மருதாணிக் கோனை எடுத்து உள்ளங்கையில் ஒரு பூவை ஆரம்பித்தது. அதிலிருந்து ஒரு கொடி மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது. மணிக்கட்டுத் தழும்பைச் சுற்றி ஓர் இலை வந்தது. அடுத்து நடுத் தழும்புக்குப் பக்கத்தில் கோன் நின்றது.

"இதையும் இலையப் போட்டு மறைச்சிடவா கண்ணு?"

"மாமி, இது மட்டும் ஏன் பெருசுன்னு அம்மா சொல்லவே மாட்டேங்குது" என்றாள் கயல்.

அக்கா என்னைப் பார்த்தது. நான் பாயில் உட்கார்ந்தேன். "டாக்டர் திங்கக்கிழமை வரச் சொன்னாரு. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. மதுரைல பாத்துக்கலாம்னு நான்தான் கூட்டிட்டுப் போகல. போயிருந்தா இந்த ஒண்ணு இருந்திருக்காது. அது அம்மா பண்ண தப்பு கயலு."

அவள் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாணி கலைந்துவிடும் என்பதால் கையை அசைக்கவில்லை.

"சரி" என்றாள். "நான் திட்டல." பிறகு அக்காவிடம், "மறைக்க வேணாம் மாமி, பக்கத்துல போடுங்க" என்றாள்.

கொடி தழும்பை ஒட்டியே மேலே போனது. காயும் வரை அரை மணி நேரம், அவள் உள்ளங்கையை மேலே பார்த்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.